சீட் வெளுக்காமல் இருக்க எவ்வளவு கறுப்பு ஒட்டணும்?

#1 வெயில்குருவி

எல்லாருக்கும் வணக்கம். ஆறு வருஷமா ஒரே வண்டி, கறுப்புத் துணி சீட். போன வாரம் கழுவலாம்னு குழந்தை சீட்டைக் கழற்றினேன். அதுக்கு அடியில வண்டி வாங்கின அன்னைக்கு இருந்த கறுப்பு அப்படியே இருக்கு. சுத்தி இருக்கிற இடமெல்லாம் ஒரு மாதிரி செம்பழுப்பு. நாள்பட நாள்பட வெளுத்ததால இத்தனை நாள் கண்ணுல படவே இல்லை. இப்ப பின் சீட்டுல குழந்தை சீட்டோட அச்சு தெளிவா விழுந்து கிடக்கு.

இன்னொண்ணு. டேஷ்போர்டு மேல, முன் கண்ணாடியை ஒட்டி, முடி மாதிரி ஒரு விரிசல் ஆரம்பிச்சிருக்கு.

பகல் முழுக்க வண்டி வெட்டவெளியிலதான் நிக்கும், வேற வழி இல்லை. சன் பிலிம் ஒட்டலாம்னு விசாரிச்சா, கடையில "எவ்வளவு கறுப்போ அவ்வளவு பாதுகாப்பு"ன்னு சொல்றாங்க. 20 சதவீதம் நாலு பக்கமும் ஒட்டிடலாமா? ஸ்டைல் வேண்டாம், மறைப்பும் வேண்டாம். உள்ளே இருக்கிறது கெடாம இருந்தாப் போதும்.

#2 இராக்கோழி

20 வேண்டாம். நான் பாதி நேரம் ராத்திரிதான் ஓட்டுறேன். முந்தின வண்டியில முன் கதவுக்கும் சேர்த்து 20 ஒட்டியிருந்தேன். மழை ராத்திரியில ரிவர்ஸ் எடுக்கணும்னா கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, நனைஞ்சுக்கிட்டே எடுக்கணும். மூணு மாசத்துல உரிச்சுப் போட்டேன்.

#3 திருகாணி

கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க ஊர்ச் சட்டத்தைப் பாருங்க. ஒரு இடத்துல செல்லுறது இன்னொரு இடத்துல செல்லாது. முன் கதவுக்கு ஒரு அளவு, பின் கதவுக்கு ஒரு அளவு, சில இடங்கள்ல பிலிமே கூடாது.

புதுசா வர்றவங்க இடறி விழுற இடம் ஒண்ணு இருக்கு. 20 சதவீதம்னா 20 சதவீத வெளிச்சம் உள்ளே வரும்னு அர்த்தம், 20 சதவீதம் தடுக்கும்னு இல்லை. எண் குறையக் குறைய இருட்டு. அதோட, கம்பெனிக் கண்ணாடியே முழு வெளிச்சத்தை விடாது. கண்ணாடி 75 விடுது, அதுமேல 50 பிலிம் ஒட்டுறீங்கன்னு வைங்க, கடைசியில வர்றது 37 அல்லது 38. கருவி வச்சு அளக்கிற அதிகாரி பார்க்கிறது இந்தக் கூட்டுக் கணக்கைத்தான், பிலிம் அட்டையில போட்டிருக்கிற எண்ணை இல்லை.

#4 நள்ளிரவு நீலம்

நான் 5 சதவீதம் ஒட்டியிருக்கேன் தல. உள்ளே குகை மாதிரி ஜில்லுன்னு இருக்கும். வெயில் உள்ளேயே வராதுன்னா சீட் எப்படி வெளுக்கும்? சிம்பிள் லாஜிக்.

#5 அலைநீளம்

அந்த லாஜிக்கில் பாதி சரி, பாதி சரியில்லை.

வெயிலில் மூன்று சரக்கு இருக்கிறது. புற ஊதா, அதாவது யூவி, மொத்த ஆற்றலில் சுமார் 5 சதவீதம்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளி நாற்பது சதவீதத்துக்குச் சற்று மேல். மீதிப் பாதி அகச்சிவப்பு. பிலிமின் கறுப்பு நடுவில் உள்ள ஒன்றைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மற்ற இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை என்பதால், பிலிமைக் கண்ணால் பார்த்து அவற்றை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்ல முடியாது. கண்ணாடி போலத் தெளிவான 70 சதவீதப் பிலிம் ஒன்று யூவியில் 99 சதவீதத்தை நிறுத்திவிடும். அதைவிடக் கறுப்பான மலிவுப் பிலிம் அதைச் செய்யாமலும் போகலாம்.

நள்ளிரவு நீலம் சொன்னதில் சரியான பாதி இது: துணிச் சாயத்தை வெளுக்க வைப்பது யூவி மட்டும் அல்ல. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஊதா, நீலப் பக்கமும் அந்த வேலையைச் செய்யும், மெதுவாக. ஒளியால் பொருளுக்கு ஏற்படும் சேதத்தை அலைநீளவாரியாக எடைபோட ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் முறை ஒன்று இருக்கிறது. அது 300 நானோமீட்டரில் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு) தொடங்கி 700 வரை கணக்கெடுக்கிறது. யூவியோ 400-இலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே யூவித் தடுப்பு சமமாக உள்ள இரண்டு பிலிம்களில் இருட்டானது சீட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் நன்மைதான். அந்தக் கொஞ்சத்துக்காக இராக்கோழி மழையில் நனைய வேண்டுமா என்பது வேறு விஷயம்.

#6 கண்ணாடி ஒட்டி

தொழில்காரன் பேசுறேன், பதினாலு வருஷமா இதே வேலை. "எவ்வளவு கறுப்போ அவ்வளவு பாதுகாப்பு"ன்னு சொல்ற கடையில மொதல்ல எந்த வகைப் பிலிம்னு கேளுங்க. பதில் வரலைன்னா வெளியே வந்துடுங்க.

சாயப் பிலிம்னு ஒண்ணு இருக்கு. பாலியெஸ்டர் தாள்ல சாயம் ஏத்தினது. வேற ஒண்ணும் இல்லை. விலை கம்மி, ஒட்டின அன்னைக்கு அழகு. ஆனா அதுவும் சாயம்தான அண்ணே? உங்க சீட்டுல இருந்த சாயத்தை வெயில் தின்ன மாதிரி பிலிம்ல இருக்கிற சாயத்தையும் தின்னும். ரோட்டுல ஊதாக் கலர் கண்ணாடியோட பழைய வண்டி போகுமே பாத்திருக்கீங்களா? அது கறுப்பா ஒட்டினதுதான். சாயத்துல ஒரு பங்கு செத்து, மீதி ஊதாவா நிக்குது. கொஞ்ச நாள்ல பசையும் விட்டு, கொப்புளம் கொப்புளமா கிளம்பும்.

உலோகப் பூச்சு வகை வெப்பத்தை நல்லாத் திருப்பும். ஆனா ஜிபிஎஸ், ரேடியோ, போன் சிக்னல், கண்ணாடியில ஒட்டுற சுங்கச்சாவடி அட்டை இதுலயெல்லாம் கை வைக்கலாம். கார்பன் வகை நிறம் மாறாது, சிக்னலைத் தொடாது. செராமிக் வகையில கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடி உலோக ஆக்சைடு துகள் இருக்கும். வெளிச்சத்தை விட்டுட்டு அகச்சிவப்பை மட்டும் பிடிக்கும். விலை கூட. உங்க தேவைக்கு நான் கார்பன் இல்லாட்டி செராமிக்தான் சொல்வேன்.

#7 வெயில்குருவி

நன்றிண்ணே. ஒரு சந்தேகம். பின் கதவுக் கண்ணாடி கம்பெனியிலயே கொஞ்சம் இருட்டாத்தான் வந்தது. அப்படி இருந்தும் அந்தச் சீட்டுதானே வெளுத்திருக்கு?

#8 கண்ணாடி ஒட்டி

அது கண்ணாடியிலயே கலர் கலந்து வர்றது. உள்ளே ஆள் தெரியக் கூடாதுன்னு செய்றது. அதை நம்பி யூவி நிக்கும், சூடு நிக்கும்னு இருக்க முடியாது. அதுமேல தெளிவான பிலிம் ஒண்ணு ஒட்டினாப் போதும், மேற்கொண்டு இருட்டு தேவையில்லை.

#9 அலைநீளம்

இதற்கு ஒரு ஆய்வே இருக்கிறது. 2016-ல் ஜாமா ஆப்தால்மாலஜி என்ற கண் மருத்துவ இதழில் வந்தது. 15 நிறுவனங்களின் 29 கார்களில் கண்ணாடி எவ்வளவு யூவி-ஏ (யூவியில் அலைநீளம் கூடிய வகை) தடுக்கிறது என்று அளந்தார்கள். முன் கண்ணாடி சராசரியாக 96 சதவீதம், எல்லா வண்டியிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பக்கக் கண்ணாடி சராசரி 71 சதவீதம். ஆனால் வண்டிக்கு வண்டி 44-இலிருந்து 96 வரை ஆடுகிறது. 90 சதவீதத்துக்கு மேல் தடுத்த பக்கக் கண்ணாடி 29-இல் 4 வண்டியில் மட்டும்.

காரணம் எளிது. முன் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் சிதறக் கூடாது என்பதற்காக வைத்த படலம், போகிற போக்கில் யூவியையும் விழுங்கிவிடுகிறது. பக்கக் கண்ணாடி பெரும்பாலும் ஒற்றைத் தகடு, சூடேற்றிச் சடாரென்று குளிர வைத்துக் கடினமாக்கியது. அதில் அந்தப் படலம் கிடையாது. ஆக, குருவியின் சீட்டை வெளுத்தது பக்கக் கண்ணாடி வழியே வந்த வெயில் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

#10 பழைய பெட்டி

எல்லாரும் சீட்டையே பேசுறீங்க, அவர் டேஷ்போர்டு விரிசலையும் கேட்டாரே. அலைநீளம் சொன்னபடி முன் கண்ணாடி 96 சதவீதம் தடுக்குதுன்னா அது ஏன் வெடிக்குது?

பழைய வண்டிகளைச் சரிபண்ணுறது என் பொழுதுபோக்கு. இருபது முப்பது வருஷ டேஷ்போர்டு பல பாத்தாச்சு. கொன்னது பெரும்பாலும் சூடு. டேஷ்போர்டு தோல் நிறைய வண்டியில பிவிசி. அது இயற்கையில் விறைப்பான சரக்கு. வளையணும்னு எண்ணெய் மாதிரி ஒரு இளக்கியைக் கலந்துதான் செய்யறாங்க. சூட்டுல அந்த இளக்கி மெல்ல ஆவியாகி வெளியேறும். முன் கண்ணாடியோட உள்பக்கம் துடைக்கத் துடைக்க ஒரு பிசுபிசுப்புப் படலம் வருதே, அதுல ஒரு பங்கு இதுதான். இளக்கி போகப் போகத் தோல் சுருங்கும், விறைக்கும். பகல்ல விரிஞ்சு ராத்திரி சுருங்கி, ஒரு நாள் கோடு விழும். பக்கக் கண்ணாடிக்கு ஆயிரம் பிலிம் ஒட்டினாலும் இது நிக்காது.

முன் கண்ணாடிக்கு உள்ளே ஒரு மடக்குத் தட்டி வைங்க, இல்ல வண்டிக்கு உறை போடுங்க. பிலிம் காசு மிச்சம்.

#11 கண்ணாடி ஒட்டி

பெட்டி சார், பொழப்புல மண்ணைப் போடாதீங்க :)

தட்டி வைக்கணும்னு நானும்தான் சொல்றேன். ஆனா தட்டி நிறுத்தின வண்டிக்கு மட்டும். தினம் ரெண்டு மணி நேரம் ஓட்டுறவருக்கு அந்த நேரம் பக்கத்துல இருந்து அடிக்கிற வெயிலுக்கு என்ன பண்ணுவீங்க? உறையா? உறைக்குள்ள தூசி மாட்டி, காத்துல உரசி, பெயின்ட் போன வண்டியும் என்கிட்ட வந்திருக்கு.

#12 பழைய பெட்டி

ஓட்டும்போது உள்ளே ஏசி இருக்கு, காத்தோட்டம் இருக்கு. எட்டு மணி நேரம் நிக்கிற வண்டியோட அதை ஒப்பிட முடியுமா? உறை விஷயத்துல நீங்க சொல்றது சரி, தூசி வண்டியில உறை போட்டா உப்புத்தாள் தேய்ச்ச மாதிரிதான். தட்டிக்குப் பதில் சொல்லுங்க.

#13 அலைநீளம்

தட்டிக்கு நேரான எண் என்னிடம் இல்லை, நிழலுக்கு இருக்கிறது. 2018-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் சான் டியேகோவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வெளியே 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் போன நாட்களில் கார்களை நிறுத்தி அளந்தார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற வண்டியில் டேஷ்போர்டு சராசரி 69 டிகிரி. ஸ்டீயரிங் 53, சீட் 51. நிழலில் நின்ற வண்டியில் டேஷ்போர்டு 48, ஸ்டீயரிங் 42, சீட் 41.

சீட்டுக்கும் டேஷ்போர்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். முன் கண்ணாடிதான் பொதுவாக வண்டியின் மிகப் பெரிய, மிகச் சாய்ந்த கண்ணாடி. அதன் காலடியில் மல்லாந்து கிடக்கிறது டேஷ்போர்டு. நிழல் அதை 21 டிகிரி இறக்குகிறது. சீட்டை 10 டிகிரிதான். பக்கக் கண்ணாடிப் பிலிமால் டேஷ்போர்டை இந்த அளவு இறக்க வழியே இல்லை. அந்த வெயில் பக்கவாட்டில் வரவில்லை, முன்னாலிருந்து வருகிறது. டேஷ்போர்டு விஷயத்தில் பழைய பெட்டி பக்கம்தான் நான். சீட் விஷயத்தில் ஒட்டி பக்கம்.

#14 நள்ளிரவு நீலம்

அப்போ என் குகை ஜில்லுன்னு இருக்கிறது பொய்யா?

#15 அலைநீளம்

பொய் இல்லை, உங்கள் மேல் நேரடி வெயில் விழவில்லை, அதனால் தோல் அப்படி உணர்கிறது. ஆனால் கறுப்புப் பிலிம் வெப்பத்தை அழிப்பதில்லை, உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. கண்ணாடி சூடாகிறது, அந்தச் சூட்டில் ஒரு பங்கு வெளியே போகிறது, ஒரு பங்கு உள்ளே திரும்புகிறது. ஓடும் வண்டியில் வெளிக்காற்று வெளிப்பங்கைச் சீக்கிரம் அள்ளிப்போகும். நிற்கும் வண்டியில் அந்த உதவி இல்லை. மதியம் நிறுத்திய வண்டியின் கண்ணாடியை உள்பக்கம் தொட்டுப் பாருங்கள்.

#16 திருகாணி

கடைகள்ல ஒரு வித்தை காட்டுவாங்களே, சிவப்பு விளக்கைப் போட்டு, பிலிமுக்குப் பின்னாடி கையை வைக்கச் சொல்லி? அதைப் பாத்துத்தான் நானும் வாங்கினேன். அதை நம்பலாமா?

#17 கண்ணாடி ஒட்டி

நானே காட்டியிருக்கேன், ஒளிக்க என்ன இருக்கு. அந்த விளக்குல வர்றது பெரும்பாலும் அகச்சிவப்பு. வெயில் அப்படி இல்லை. அதுவும் பத்து செகண்டுதான் கையை வைக்கச் சொல்வோம். உறிஞ்சுற பிலிம் சூடாகித் திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள "பாத்தீங்களா சார், சூடே இல்லை"ன்னு விளக்கை அணைச்சிடுவோம்.

அட்டையில "அகச்சிவப்புத் தடுப்பு 97 சதவீதம்"னு போட்டிருந்தா, எந்த அலைநீளத்துலன்னு கேளுங்க. அகச்சிவப்பு 780-ல தொடங்கி 2500 நானோமீட்டர் வரை போகுது. பல கம்பெனி 900-லருந்து 1000 வரைக்கும் உள்ள ஒரு துண்டை மட்டும் அளந்து போடும், ஏன்னா அவங்க பிலிம் அங்கதான் நல்லா நிக்கும். நீங்க பாக்க வேண்டிய எண் டிஎஸ்இஆர். மூணு சரக்கையும் சேர்த்து மொத்த வெயில் ஆற்றல்ல எவ்வளவு உள்ளே வராம போகுதுங்கிற கணக்கு அது. நல்ல செராமிக் 50-ஓட டிஎஸ்இஆர், மட்டமான சாயப் பிலிம் 5-ஐத் தாண்டிப் போறது உண்டு.

#18 நள்ளிரவு நீலம்

😐

#19 மின்மினி

யூவியை வீட்டிலேயே சோதிக்க யூவி டார்ச் ஒன்று வாங்கினேன். ரூபாய் நோட்டில் ஒளிரும் இழைகள் இருக்குமே, பிலிமுக்குப் பின்னால் நோட்டை வைத்து டார்ச் அடித்தேன். பளிச்சென்று ஒளிர்கிறது. 99 சதவீதம் என்று விற்ற பிலிம்! ஏமாந்துவிட்டேனா?

#20 அலைநீளம்

அவசரப்படாதீர்கள். டார்ச்சில் எண் பாருங்கள். மலிவு டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர். அது ஊதா ஒளியின் வாசற்படி. பல பிலிம்களின் 99 சதவீதம் என்பது 300 முதல் 380 வரைக்கும் செய்த கணக்கு, 395 அந்தக் கணக்கில் வரவே வராது. 365 டார்ச்சால் பாருங்கள். அதிலும் ஒளிர்ந்தால் கடைக்காரரிடம் போகலாம். 400 வரை தடுப்பதாக எழுதிய பிலிம்களும் கிடைக்கின்றன. சீட்டுக்காகவே ஒட்டுபவர்கள் அதைக் கேட்டு வாங்குவது நல்லது, ஏனென்றால் 380-இலிருந்து 400 வரை உள்ள துண்டும் வெயிலில் தாராளமாக இருக்கிறது.

#21 மின்மினி

395 தான் போட்டிருக்கு. அசடு வழிகிறேன்.

#22 பழைய பெட்டி

டார்ச், மீட்டர் எதுவும் வேண்டாம். ஒட்டுறவர்கிட்ட வெட்டின துண்டு ரெண்டு கேட்டு வாங்குங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்க வெட்டி ஒட்டுற மட்டமான சிவப்புக் காகிதம் இருக்கே, அது சீக்கிரம் வெளுக்கும். ஒரு தாளை மூணு பங்காக்கி, ஒரு பங்குமேல கெட்டி அட்டை, ஒரு பங்குமேல பிலிம் துண்டு, ஒரு பங்கு சும்மா. வெயில்ல வச்சுட்டு மறந்துடுங்க. யூவி, வெளிச்சம் ரெண்டுக்கும் சேர்த்து அதுவே பதில் சொல்லும்.

#23 வெயில்குருவி

இப்ப எனக்குப் புரிஞ்ச வரைக்கும்: நாலு கதவுக்கும் செராமிக், ஆனா இருட்டு இல்லாதது. முன் கதவுக்கு 70, பின் கதவு ஏற்கெனவே இருட்டுங்கறதால அங்கயும் 70. பின் கண்ணாடிக்கும் அதே. முன் கண்ணாடிக்கு ஒண்ணும் இல்லை, நிறுத்தும்போது மடக்குத் தட்டி. டேஷ்போர்டு விரிசலுக்குப் பளபளப்பு ஸ்பிரே ஏதாவது?

#24 பழைய பெட்டி

பளபளப்பு ஸ்பிரே வேண்டவே வேண்டாம். விரிசலை அது மூடாது. டேஷ்போர்டு பளபளன்னு இருந்தா அதோட பிம்பம் முன் கண்ணாடியில விழுந்து ஓட்டும்போது கண்ணை உறுத்தும். ஈரத்துணி போதும். விரிசல் நீளுதான்னு ரெண்டு முனையிலயும் பென்சிலால புள்ளி வச்சுப் பாருங்க.

#25 கண்ணாடி ஒட்டி

குருவி, ஒட்டுற அன்னைக்குப் பாக்க வேண்டியது. தூசி இல்லாத மூடின இடத்துல ஒட்டணும், மரத்தடியில ஒட்டுறவர்கிட்டக் கொடுக்காதீங்க. சோப்புத் தண்ணி நிறைய அடிப்போம், அது கதவு ஓரமா உள்ளே இறங்கி ஜன்னல் சுவிட்ச்சை நனைக்கும், மேல துண்டு போடச் சொல்லுங்க. பின் கண்ணாடியில பனி போக்குற கம்பிக்கோடு ஓடும். பழைய பிலிம் ஏதும் இருந்தா பிளேடு வச்சுச் சுரண்ட விடாதீங்க, கோடு அறுந்தா போச்சு. நீராவி காட்டித்தான் உரிக்கணும்.

ஒட்டினப்புறம் ஒரு வாரம் கண்ணாடியை இறக்காதீங்க. சின்னச் சின்ன நீர்க்கொப்புளமும் மங்கலும் தெரியும், காயக் காயப் போயிடும், சில வாரம்கூட ஆகலாம். கொப்புளத்தை ஊசியால குத்துறது, நகத்தால தேய்க்கிறது கூடாது. ஆனா உள்ளே தூசி மாட்டின பொட்டு போகாது, அதை அன்னைக்கே காட்டி மாத்தச் சொல்லுங்க. அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கிற திரவம் கூடாது.

#26 இராக்கோழி

70-ஆ? அப்படின்னா நானும் ஒட்டுறேன்.

#27 வெயில்குருவி

(ஏழு வாரம் கழித்து) இழையைத் தூசி தட்டுறேன். ஒட்டியாச்சு. வெளியில இருந்து பாத்தா ஒட்டினதே தெரியலை. வீட்டுல "இதுக்கா இவ்வளவு காசு"ன்னு ஒரு பார்வை. பின் கண்ணாடி ஓரத்துல கறுப்புப் புள்ளிப்புள்ளியா ஒரு பட்டை வருதே, அங்க மட்டும் பிலிம் சரியா உட்காரலை, ஒரு வெள்ளைக் கோடு தெரியுது. மத்தபடி கொப்புளமெல்லாம் மூணாவது வாரத்துல போயிடுச்சு.

பெட்டி சாரோட சிவப்புக் காகிதம் மொட்டை மாடியில ஆறு வாரம் இருந்தது. சும்மா விட்ட பங்கு வெளிறி ரோஜா நிறம். அட்டைக்கு அடியில சிவப்பு அப்படியே. பிலிமுக்கு அடியில சிவப்புதான், ஆனா அட்டைப் பங்குக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தா ஒரு படி குறைவு. கண்ணைச் சுருக்கிப் பாக்கணும், ஆனா தெரியுது.

#28 அலைநீளம்

அந்த ஒரு படிதான் நான் #5-இல் சொன்ன நீலப் பக்கம். தெளிவான பிலிம் வெளிச்சத்தை விடுகிறது, வெளிச்சம் மெதுவாகத் தன் வேலையைச் செய்கிறது. 35 துண்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்திருந்தால் வித்தியாசம் தெரிந்திருக்கும்.

#29 நள்ளிரவு நீலம்

என் 5-லருந்து ஒரு துண்டு அனுப்பவா? 😁

#30 கண்ணாடி ஒட்டி

அந்தப் புள்ளிப் பட்டை எல்லா வண்டியிலயும் அப்படித்தான் குருவி. புள்ளி மேடா இருக்கும், பிலிம் அதுமேல படியாது. ஒட்டினவர் தப்பு இல்லை. டேஷ்போர்டு விரிசல் என்னாச்சு?

#31 வெயில்குருவி

பென்சில் புள்ளியைத் தாண்டலை. ரெண்டு நாள் மட்டும் தட்டி வைக்க மறந்துட்டேன். குழந்தை சீட்டை இப்ப அந்தப் பக்கம் மாட்டியாச்சு, இன்னொரு பக்கமும் அச்சு விழட்டும், அப்பவாவது ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்.